அறுபதைத் தாண்டினால்

திங்கள் முதல் புதன் வரை வண்டி என்னிடம்.
வியாழன் முதல் சனி வரை எம்ரிஸிடம்.
ஞாயிற்றுக்கிழமை
இரண்டு வீட்டுக்கும் நடுவே, பாப்ளார் வரிசைக்குக் கீழே,
யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.
எண்பத்தாறாம் வருடத்து ஃபோர்டு பிக்கப்.
பத்திரத்தில் இரண்டு பெயர்.

சுபுத் ஆற்று வாய்க்காலில்
தண்ணீர் முறை வந்த ஓர் இரவு
யார் மதகை யார் அடைத்தது என்பதில்
பேச்சு நின்று இரண்டு பாசனம் ஆகிறது.
சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி
வேகமானியின் விளிம்பில் செருகுவோம்.
'எண்ணெய் அரை லிட்டர் ஊற்றினேன்.'
'பின்கதவை அறையாதே, தாழ் சிக்குகிறது.'
கையெழுத்து கிடையாது.
வேறு யார் எழுதப் போகிறார்கள்.

ஒரு புதன் இரவு எழுதினேன்:
'சத்தம்.'
சனிக்கிழமை அதன் கீழே
அவன் கோணல் எழுத்து:
'எந்தச் சத்தம்?'

நியாயமான கேள்வி.
இந்த வண்டியில் சத்தத்துக்கு ஒருமை கிடையாது.
விடியலில் குளிர்ந்த எஞ்சின் டக்டக்கென்று தட்டும்,
சூடேறினால் தானே அடங்கும்:
புகைக்குழாய் மூட்டில் முடியளவு கீறல்.
பனி விழுந்தால் பெல்ட் கிரீச்சிடும்.
பின்னோட்டக் கியருக்கு அடியில் ஒரு டொங்.
சரளைச் சாலையில் தகரம் மொத்தமும் கடகட.
இவையெல்லாம் வீட்டு ஆட்கள்.
நான் சொன்னது
கதவு தட்டாமல் உள்ளே வந்தவனை.

'அறுபதைத் தாண்டினால் வருகிறது. ஊ என்று.
இல்லை, ஊவுக்கும் ஓவுக்கும் நடுவில்.
கிளட்சை மிதித்தாலும் நிற்கவில்லை.'

'அப்படியானால் எஞ்சினை விடு.
சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று.
தார்ச்சாலையில் வளைத்துப் பார்.'

'இடப்பக்கம் வளைத்தால் கூடுகிறது.'

'முன்னாலா, பின்னாலா?'

'ஓட்டிக்கொண்டே எப்படித் தெரியும்?'

இதற்கு மட்டும் பதில் வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமை
யாருக்கும் சொந்தமில்லாத நாளில்
ஹார்ன் கேட்டு வெளியே வந்தேன்.
அவன் ஸ்டியரிங்கில்.
பின்கதவு திறந்து கிடந்தது.

ஏறிப் படுத்தேன்.
குதிரைமசால் தூசி மூக்கில் ஏற
ஒரு காதைத் தகரத்தில் ஒட்டி,
மறு காதைக் காற்றுக்குப் பயந்து பொத்தி.
கைமான் போகும் தார்ச்சாலையில்
அறுபது வந்தது. ஊ வந்தது.
இடமாக வளைத்தான்.
என் வலது தோளுக்கு அடியில்
கிணற்றுக்குள் விழுந்த நாய்போல் எழுந்தது.

ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டினேன். நிறுத்தவில்லை.
மறுபடி தட்டிக் கத்தினேன்.
பாட்டகோனியக் காற்று
பாதி வழியில் பிடுங்கிக்கொண்டது.
ஓரம் கட்டி, தலையை வெளியே நீட்டி,
'என்ன?' என்றான்.

இரண்டு பாசனத்துக்குப் பிறகு முதல் சொல்.

'வலது பின்சக்கரம்,' என்றேன். 'பேரிங்.'

செவ்வாய் மாலை அதைக் கழற்றினோம்.
ஜாக்கியை அவன் பிடித்தான்,
நட்டு ஒன்று உருண்டு போனது, நான் தேடினேன்.
பழைய பேரிங்கைத் துடைத்து
என் காதருகே சுற்றிக் காட்டினான்.
நறநற.
மணலை மென்றுகொண்டே
எத்தனை மாதம் சுமந்ததோ.

சோதனை ஓட்டத்துக்கு இருவரும் முன்னிருக்கையில்.
நடுவில் மாத்தே குடுவை, யாரும் தொடவில்லை.
அறுபது. எழுபது. எண்பது.
ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லை
அந்தச் சின்ன இடத்துக்கு மிகவும் பெரிதாக இருந்தது.
அவன் செருமினான்.
நான் வேலிக் கம்பங்களை எண்ணத் தொடங்கினேன்.
மதகு வந்தது, கடந்தது.
அதைப் பார்க்காமலிருக்க
இருவரும் ஒரே பக்கம் திரும்பியிருந்தோம்.

அப்போது டேஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து
நகத்தால் சுண்டியதுபோல் ஒரு
டிக்.
நெடுநேரம் எதுவுமில்லை.
டிக்.

வேகத்தைக் குறைத்தான்.
'உனக்கும் கேட்டதா?'
'கேட்டது.'
'மேட்டிலா, இறக்கத்திலா?'
'கவனிக்கவில்லை,' என்றேன்.
'திருப்பு. இன்னொரு தடவை போகலாம்.'